அம்மாவுக்காக ஒரு கையெழுத்து

நம் வயதுக்காரர்களில் கண் புரை எடுக்காதவர்கள் இன்னும் யாராவது இருக்கிறீர்களா? எனக்குப் போன மாசியில் எடுத்தார்கள். அப்போது நாமக்கல்லில் பேரன் வீட்டில் இருந்தேன். கட்டுப் பிரிக்கும்வரை ஒரு கண் மூடியிருந்தது. இன்னொரு கண்ணில் ஏற்கெனவே பாதிப் பார்வைதான். அந்த ஒரு பகலுக்குள் காப்பித் தம்ளரைத் தட்டிவிட்டேன், நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டேன், கதவோரம் கிடந்த பேத்தியின் பையைப் பூனை என்று நினைத்து விரட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குச் சின்ன வயதில் பெரியம்மை போட்டு இரண்டு கண்ணும் போய்விட்டன. அதற்குப் பிறகு அறுபது வருடத்துக்கு மேல் அவள் அப்படியே வாழ்ந்தாள்.

ஆகஸ்ட் மாதம் வந்தால் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கைபேசியோடு என்னைத் தேடி வருவார்கள். தியாகியின் மகள் என்று நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள். அப்பா ஜெயிலுக்குப் போன கதையைச் சொல்வேன். கைதட்டிவிட்டுப் போவார்கள். அம்மாவைப் பற்றி அவர்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொன்னால் நீளும், அவர்களுக்கு அடுத்த வகுப்பு இருக்கும். உங்களுக்கும் எனக்கும்தான் நேரம் இருக்கிறது. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் அரிசிக்கும் சீமெண்ணெய்க்கும் வரிசையில் நின்றதை உங்களில் ஒருசிலராவது மறந்திருக்க மாட்டீர்கள். நான் சொல்லப்போவது அந்த வருடங்களில் ஒரு மழைக்காலம்.

அப்பா, அம்மா, நான், குழந்தையாக இருந்த என் தம்பி என்று நாங்கள் நாலு பேர் அப்போது பள்ளிபாளையத்தில் இருந்தோம். ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓட்டு வீடு. பகல் முழுக்கத் தெருவெல்லாம் தறிச் சத்தம். அப்பா ஒரு நூல் கடையில் நூல் நிறுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தார். அம்மா வீட்டில் தார் சுற்றுவாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாக் கட்டைக்குள் வைக்கும் சின்னக் குச்சிகளில் ராட்டையை வைத்து நூல் சுற்றுகிற வேலை அது. தெருவில் பல வீட்டுப் பெண்களும் அதைச் செய்தார்கள். அம்மாவும் அவர்களைப்போலத்தான் செய்தாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நூல் அறுந்தால் திட்டிக்கொண்டே முடிச்சுப் போடுவாள்.

அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன். அம்மா அவருடைய சொந்த அக்காள் மகள். கண்ணில்லாத பெண்ணை யார் கட்டுவார்கள் என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது, நான் கட்டிக்கொள்கிறேன் என்று தானாகச் சொன்னவர். ஆகையால் ஜெயிலுக்குப் போவதற்கு முன்பே ஊரில் அப்பாவுக்கு ஒரு தியாகிப் பட்டம் இருந்தது. கல்யாண வீடு, காதுகுத்து எங்கே போனாலும் யாராவது ஒரு பெண்பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்ர மாமனாட்டம் மனசு ஆருக்கு வரும், அம்மணி” என்பாள். அம்மா ஆமாங்க என்பாள். அந்த ஆமாங்கவை அவள் எத்தனை முறை சொல்லியிருப்பாளோ தெரியாது. அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிற வயது எனக்கு இல்லை.

அப்பா அவளைக் கண்ணாடிச் சாமானைப் போல வைத்திருந்தார். தெருவுக்கு அனுப்ப மாட்டார். ஆற்றுப் பக்கமே கூடாது. கொல்லைக் கதவிலிருந்து கிணற்றடிவரைக்கும் ஒரு தேங்காய் நார்க் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும் என்று சொல்லியிருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கயிற்றைக் காட்டுவார். அப்பா கடைக்குப் போனதும் அம்மா அதில் துணி காயப்போடுவாள். அவர் வருகிற நேரத்துக்கு எடுத்துவிடுவாள். அவரிடம் சொல்லாதே என்று அவள் எனக்குச் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று எனக்கே தெரிந்திருந்தது.

யுத்தத்தால் சீமெண்ணெய் கிடைக்காமல் போனபோது எங்கள் வீட்டில் மட்டும் பெரிய கஷ்டம் இல்லை. பொழுது இறங்கியபிறகு தெருவில் மற்ற வீடுகளில் அடுப்படி இருட்டாகி, பெண்கள் சலித்துக்கொள்வார்கள். அம்மா எப்போதும்போல ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருப்பாள். கடுகு வெடிக்கிற சத்தமும் பெருங்காய வாசனையும் இருட்டுக்குள்ளிருந்து வரும். இருட்டு என்றால் எனக்கு இன்றைக்கும் பயம் கிடையாது. இருட்டு என்றால் எனக்குச் சோறு ஆகப்போகிறது என்று அர்த்தம்.

ஆகஸ்டில் போராட்டம் கிளம்பியது. தலைவர்களைப் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்த நாளில் அப்பா கடை கடையாகப் போய்க் கதவை அடைக்கச் சொன்னார். அதற்கப்புறம் ரகசியமாக வந்த துண்டு நோட்டீசுகளைத் தறிக்காரர்களுக்குப் படித்துக் காட்டினார். தண்டவாளத்தையோ தந்திக் கம்பியையோ அவர் தொடவில்லை. நிறுக்கிற தராசை விட்டால் வேறு இரும்பைத் தொடாத மனிதர். ஆனாலும் ஒரு காலையில் அவரைக் கடையில் வைத்தே பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு வீட்டைச் சோதிக்க வந்தார்கள்.

நோட்டீசுகளைத் தேடினார்கள். வீட்டில் ஒன்றும் இல்லை. இல்லாததால் இன்னும் அதிகமாகத் தேடினார்கள். பானைகளை இறக்கிக் கவிழ்த்தார்கள், பெட்டியைக் கொட்டினார்கள், அஞ்சறைப் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தார்கள். வந்தவர்களில் வயதான ஒரு போலீஸ்காரர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, “ஓரமா நில்லம்மா, கால்ல குத்திரும்” என்றார். அவ்வளவுதான். யாரையும் அடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போய்விட்டார்கள்.

அவர்கள் போனபிறகு அம்மா அடுப்படிக்குப் போக ஒரு எட்டு வைத்தாள். கால் சொம்பில் இடித்தது. திரும்பினாள், முழங்கால் ராட்டையில் மோதியது. சுவரைத் தேடிக் கையை நீட்டினாள். அங்கே நகர்த்திவைத்த பெட்டி நின்றது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடு வீட்டில் நின்றாள். என் அம்மாவுக்குக் கண் தெரியாது என்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவரைக்கும் அது எனக்குத் தெரிந்த ஒரு சங்கதி, அவ்வளவுதான்.

நான் அழுதுகொண்டே சாமான்களை எடுத்து வைக்கப் போனேன். அம்மா தடுத்தாள். “நீ வெச்சா எனக்குத் தெரியாது சாமி. எல்லாத்தையும் அள்ளி நடுவுல குவிச்சுப் போடு” என்றாள். குவித்தேன். அவள் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தடவி, எழுந்து போய் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். மிளகாய்த்தூளும் மஞ்சளும் கலந்துபோனதை முகர்ந்து பார்த்து ஒதுக்கினாள். சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசியில் களைத்துப்போய்க் கஞ்சி வடித்தபோது மணிக்கட்டில் கொதிகஞ்சியைக் கொட்டிக்கொண்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் கையைச் சுட்டுக்கொண்டு தான் பார்த்ததில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அப்படிச் சொன்னவள் அடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரவில்லை. போலீசுக்குப் பயம். தெருவே அப்படித்தான் ஒதுங்கிப் போனது.

அப்பா வேலை செய்த நூல் கடைக்காரரும் அவர் பேரைக் கடையில் சொல்ல வேண்டாம் என்றுவிட்டார். அம்மாவுக்குச் சுற்ற நூல் கொடுத்துவந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அப்போது எங்களுக்கு நூல் கொடுக்க முன்வந்தவர் சந்தைப்பேட்டைப் பக்கம் துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர். அவருக்குச் சொந்தமாகச் சில தறிகள் ஓடின. சைக்கிளில் நூல் கட்டைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, சத்தமாக எல்லாருக்கும் கேட்கிறாற்போல், “அம்மணி, தாரு வெள்ளிக்கிழமைக்குள்ளார வேணும். நேரங்கழிச்சுக் குடுத்தா அடுத்தாப்ல நூல் கெடையாது” என்று அதட்டிவிட்டுப் போவார். எனக்கு அவர்மேல் கோபமாக வரும். இரக்கம் காட்டினால் அம்மாவுக்குப் பிடிக்காது, தெருவுக்கும் சந்தேகம் வரும் என்று அவர் இரண்டையும் யோசித்திருக்கிறார் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, நாமக்கல்லுக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்து வெள்ளாமை செய்தார். அப்பா பிடிபட்ட அடுத்த வாரமே வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு அவரும் தாய்மாமன்தான். அவள் அவரைப் பெரிய மாமா என்பாள். தன் தம்பி கெட்டுப்போனான் என்று அப்பாவைத் திட்டினார். அம்மாவின் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டார். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று பேரும் வரவேண்டும் என்றார். அவர் வீட்டில் மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு அறை இருந்தது. அதில் அம்மா இருந்துகொள்ளலாம், பெரியம்மா சோறு கொண்டுவந்து கொடுப்பாள், ஒரு வேலையும் செய்யவேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அம்மா வரவில்லை என்றாள். என் பள்ளிக்கூடம் கெட்டுவிடும் என்றாள். வெகுநேரம் பேசி, கடைசியில் என் தம்பியை மட்டும் கூட்டிப்போக ஒப்புக்கொண்டாள். தம்பி அப்போது நடந்து திரிகிற குழந்தை, கிணற்றடிக்கு ஓடுவான். தார் சுற்றிக்கொண்டே அவனையும் கவனிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வண்டி தெருமுனை திரும்பும்வரை அவன் அழுத சத்தம் கேட்டது. அம்மா உள்ளே போய் ராட்டையின் முன்னால் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் நூல் அடிக்கடி அறுந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. அந்த ஐப்பசியில் ஆறு நுரைத்துக்கொண்டு போன சத்தம் வீட்டுக்குள் கேட்டது. வீடெல்லாம் ஈர நூலும் கஞ்சிப் பசையும் நாறிக்கொண்டிருந்தன. சுற்றிய தாரை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பாய் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். அம்மா தாரைத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டு தானே கிளம்பிவிட்டாள். ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, மறுகையில் அடுப்பூதும் குழலைக் கோலாகப் பிடித்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது சேலை முழுக்கச் சேறு. சாக்கடைக்குள் ஒரு கால் இறங்கிவிட்டதாகச் சொன்னாள். மறுநாளும் போனாள். கொஞ்ச நாளில் தெரு அவளுக்குப் பழகிவிட்டது. தெருவுக்கும் அவள் பழகிவிட்டாள். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி, எருமையை ஓரம் கட்டினார்கள்.

தீபாவளி நோம்பிக்குப் பிறகு பெரியப்பா மறுபடி வந்தார். இந்தத் தடவை முகம் மலர்ந்திருந்தது. அப்பா சேலத்து ஜெயிலில் இருந்தார். பெரியப்பா இரண்டொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இனி எந்தக் கிளர்ச்சியிலும் சேரமாட்டேன், நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அப்பாவை விட்டுவிடுவார்களாம். முதலில் அப்பா முடியாது என்றிருக்கிறார். இப்போது போடுகிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லவேண்டும். நான் வீட்டுக்குள் குதித்தேன். தேசம், சுதந்திரம் எதுவும் எனக்குத் தெரியாது. அப்பா வந்தால் ஆற்றங்கரைச் சந்தையில் பொரி வாங்கித் தருவார், தம்பி திரும்பி வருவான், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் மறுபடி பிள்ளைகள் உட்காருவார்கள்.

அம்மா ஒன்றுதான் கேட்டாள். “அவரா போடறேன்னாருங்களா?”

“உன்னைய நெனச்சுத்தான். கை வெந்து கெடக்குது, பையன் அங்க அழுகறான், அந்தப் புள்ள கண்ணில்லாம ஒத்தையில என்ன பாடுபடுதோ பாத்துக்கன்னு சொன்னேன். கரைஞ்சுட்டான். அவளுக்காகப் போடறேண்ணான்னு அழுதுபோட்டான்” என்றார் பெரியப்பா. தாள் தயாராகிற நாளில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது, நேரில் பார்த்தால் அவன் மனசு மாறாது என்றும் சொன்னார்.

அம்மா ராட்டையில் அறுந்திருந்த நூலை முடிச்சுப் போட்டாள். பிறகு, “நானும் வாரேனுங்க மாமா” என்றாள். பெரியப்பாவுக்கு நிம்மதி.

காவேரி ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். அம்மா ரயிலில் ஏறியது அதுதான் முதல் தடவை. வண்டியில் நிறைய சிப்பாய்கள் இருந்தார்கள். பீடியும் பூட்ஸ் தோலும் நிலக்கரிப் புகையும் கலந்த நாற்றம். சங்ககிரி வரைக்கும் அம்மா சன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் என் தீபாவளிப் பாவாடையை உடுத்தியிருந்தேன். அப்பாவை அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம் என்று நினைத்து, அவருடைய வெள்ளை வேட்டியைத் துவைத்து மடித்துப் பைக்குள் நானே வைத்திருந்தேன். சேலத்தில் இறங்கிக் குதிரை வண்டியில் போனோம்.

ஜெயிலில் ஒரு நீளமான அறை. நடுவில் கம்பிவலை. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அப்பா. ஒரு காவலாளி சுவரோரம் நின்றார். அப்பாவின் தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எனக்கு அவரைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், பிறகு அம்மாவின் கையைப் பார்த்தார். புண் ஆறி அங்கே தோல் வெளுத்திருந்தது.

பெரியப்பா ஆரம்பித்தார். தாள் ஆபீசில் இருக்கிறது, இப்போதே போட்டுவிடலாம், இனி எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்றார். அப்பா தலையசைத்தார். “இனி உன்னைய ஒத்தையில உடமாட்டேன், சாமி” என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா வலையைத் தொட்டுப் பார்த்தாள். அதில் விரல்களை மாட்டிக்கொண்டு பேசினாள். சத்தமாகப் பேசவில்லை. ஆனால் அந்த அறையில் எல்லாருக்கும் கேட்டது.

“மாமா, உங்களுக்கு உள்ளார இருக்க முடியலீன்னா கையெழுத்துப் போட்டுட்டு வந்துருங்க. அடிக்கறாங்களா, சோறு சரியில்லீங்களா, பயமா இருக்குதுங்களா, எதுன்னாலும் சரி, போடுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஊரு என்ன சொன்னாலும் சொல்லட்டும். ஆனா எனக்காகன்னு போடாதீங்க.”

அப்பா, “உனக்காகத்தான...” என்றார்.

“அதாங்க வேண்டாம். என்னையக் கட்டினதுக்கே இத்தன வருசமா எல்லாருக்கும் நான் ஆமாங்க போட்டுக்கிட்டு இருக்கறேன். இதையும் எம்மேல ஏத்தாதீங்க. குருடிக்காகக் குனிஞ்சான்னு சொல்லுவாங்க. சாகற மட்டும் நான் அதைச் சுமக்கோணும். உங்களுக்கும் ஒரு நாளைக்கு அப்படித்தான் தோணும்.”

பெரியப்பா அவளை அதட்டினார். வந்த காரியத்தைக் கெடுக்கிறாயா என்றார். அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை.

அப்பா, வீட்டில் எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டார். அம்மா சொன்னாள். பாய் நூல் கொடுக்கிறார், தாரை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், சாக்கடையில் ஒரு தடவை விழுந்தேன், அப்புறம் விழவில்லை. இவள் பள்ளிக்கூடம் போகிறாள். பையன் இல்லாததுதான் கஷ்டம். கை சுட்டது என் கவனக்குறைவு.

“கெணத்தடிக்குக் கவுத்தப் புடிச்சுத்தான போறே?” என்று அப்பா கேட்டார்.

“அந்தக் கவுத்துல துணி காயப்போடறேனுங்க. மொதல்ல இருந்தே அதுக்குத்தானுங்க ஆவுது.”

சுவரோரம் நின்ற காவலாளி சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. அவர் முகம் விழுந்துபோயிற்று. அவர் கட்டிய எத்தனையோ கயிறுகளை ஒரே நேரத்தில் அறுத்துவிட்ட மாதிரி இருந்தது. நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். தாளைக் கொண்டுவரச் சொல்லட்டுமா என்று பெரியப்பா கேட்டார். “இன்னைக்கு வேண்டாண்ணா” என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்தார். போகும்போது என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்க்கவில்லை.

வேட்டி பைக்குள்ளேயே இருந்தது. திரும்பி வருகிற வண்டியில் பெரியப்பா சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். காவேரி ஸ்டேஷனில் இறங்கியபிறகு, “கண்ணுதான் இல்லீன்னு நெனச்சேன். உனக்கு நெஞ்சும் இல்ல” என்றார். “பையனக் கொண்டாந்து உட்டுருங்க மாமா” என்று மட்டும் அம்மா சொன்னாள்.

நான் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அப்பாவை வரவிடாமல் செய்தவள் அவள்தான் என்று எனக்கு நிச்சயமாக இருந்தது. அவள் என்னைச் சமாதானம் செய்யவில்லை. சோறு போட்டாள், தலை வாரிவிட்டாள், பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று என்றாள். ஒரு நாள் மட்டும், “கோவம் தீர்ற மட்டும் பேசாட்டிப் போ. தாரை மட்டும் கலைச்சுப்போடாத” என்றாள். கோபம் எப்போது தீர்ந்தது என்று எனக்கு நினைவில்லை. குளிர் வந்தபோது அவள் போர்வைக்குள் படுத்துக்கொண்டேன் என்பது நினைவிருக்கிறது.

பெரியப்பா தம்பியைக் கொண்டுவந்து விட்டார். வண்டியில் ஒரு மூட்டை அரிசியும் இருந்தது. அதை வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வராமல் போய்விட்டார். அவரை நான் வெகுகாலம் வில்லனாகவே வைத்திருந்தேன். ஜெயில் வாசலுக்குப் போகவே ஆட்கள் நடுங்கிய காலத்தில், தோட்டத்தையும் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு தம்பியைப் பார்க்க அத்தனை தடவை போனவர் அவர் ஒருத்தர்தான். இதை அவர் இருந்தபோது நான் அவரிடம் சொல்லியிருக்கலாம்.

தம்பி மாறிப்போயிருந்தான். போவதற்கு முன்பு அவனுக்கு அம்மாவின் கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. அம்மா என்றால் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவள் என்றுதான் நினைத்திருப்பான். பெரியப்பா வீட்டில் யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வந்ததும் அம்மாவின் முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டிப் பார்த்தான். அவள் எழுந்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தான். இப்படி வா, அப்படி வா என்றான். நான் அவனை அடிக்கப் போனேன். அம்மா விடவில்லை. அவன் இழுத்த பக்கமெல்லாம் போனாள். கொஞ்ச நாளில் அவனுக்கே சலித்து, விளையாடப் போய்விட்டான். அவளை அழவைத்தது அந்த நாட்கள்தான். போலீஸ் வந்தபோதும், ஜெயிலிலும் அவள் அழுது நான் பார்க்கவில்லை.

ஊரில் கதை வேறு மாதிரிப் பரவியது. கண்ணில்லாவிட்டாலும் என்ன தேசபக்தி, புருஷனை மன்னிப்புக் கேட்கவிடவில்லையே என்று பேசினார்கள். ஒதுங்கிப் போனவர்களே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா அவர்களுக்கும் ஆமாங்க சொன்னாள். பல வருடம் கழித்து, சுதந்திரமெல்லாம் வந்தபிறகு, அன்றைக்கு அப்பா கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று நான் கேட்டேன். “அவருக்கு முடியாம போட்டிருந்தா வந்திருப்பாரு, நானும் சந்தோசமாச் சோறாக்கிப் போட்டிருப்பேன்” என்றாள். தேசத்துக்காக இல்லையா என்றேன். வெள்ளைக்காரனை அவள் பார்த்ததில்லை, போனால் நல்லதுதான் என்றாள்.

அப்பா சொன்னது இன்னும் பிறகு. அம்மா இறந்தபின் என்னோடு வந்து இருந்த நாட்களில் ஒரு மத்தியானம் தானாகச் சொன்னார். ஜெயிலில் அவருக்கு முடியவில்லையாம். வயிற்றுக்கடுப்பு, பயம், தூக்கம் இல்லை. எப்படியாவது வெளியே வந்தால் போதும் என்று இருந்திருக்கிறது. அதை அப்படியே ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்ததால், அவளுக்காக என்று ஒரு வழியைக் கண்டுபிடித்தாராம். “அந்தக் கதவை உங்கம்மா சாத்திப்போட்டா. எனக்காகப் போடோணும், இல்லீன்னா போடக்கூடாது. எனக்காகப் போடறதுக்கு எனக்குத் தைரியம் வரல. அதுனால உள்ள இருந்தேன். ரொம்ப நாளைக்கு அவமேல கோவந்தான்” என்றார். இதை எந்த விழாவிலும் அவர் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் நானும் சொன்னதில்லை.

அடுத்த வருடத்து மழையும் முடிந்தபிறகுதான் அவரை விட்டார்கள். வருகிறார் என்று எங்களுக்குத் தகவல் இல்லை. ஒரு முன்காலை, நான் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். சந்துப் பக்கத்து வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு ஒரு மெலிந்த ஆள் உள்ளே வந்தார். நான் கத்த வாயெடுத்தேன். விரலை உதட்டில் வைத்து வேண்டாம் என்றார். அப்பா.

அம்மா கிணற்றடியில் இருந்தாள். கயிறு அப்போது அங்கே இல்லை. எப்போதோ இற்று விழுந்துவிட்டது. அப்பா கொல்லை நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வாளியை இறக்கி, தண்ணீர் சேந்தி, குடத்தில் ஊற்றி, குடத்தை இடுப்பில் தூக்கிவைத்தாள். தம்பியை எழுப்பிவிடு என்று எனக்குக் குரல் கொடுத்துக்கொண்டே வீட்டுப் பக்கம் நடந்தாள். எப்போதும் நடக்கிற வழியில், எப்போதும் நடக்கிற வேகத்தில் வந்தாள். அப்பா அந்த வழியில்தான் நின்றிருந்தார். அவருக்கு ஒதுங்கத் தோன்றவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அவள் நேராக வந்து அவர்மேல் மோதினாள். குடம் சரிந்து தண்ணீர் இரண்டு பேர்மேலும் கொட்டியது.

“ஆரது, நடுவழியில வந்து நிக்கறது?” என்று அம்மா சத்தம் போட்டாள்.

“நாந்தான்” என்றார் அப்பா.

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். கையை நீட்டி அவர் தோளைத் தொட்டாள், கழுத்தெலும்பைத் தொட்டாள், கன்னத்துத் தாடியைத் தொட்டாள். அவர் அசையாமல் நின்றார். பிறகு அவள் கையை எடுத்து ஈரச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“தள்ளி நில்லுங்க. இன்னொரு கொடம் சேந்திட்டு வந்தர்றேன்” என்றாள்.

அப்பா தள்ளி நின்றார்.